பொத்தேரியில் குடியேறலாமா?

"என்னங்க, இந்த வாடகையைக் கொடுத்து முடியவில்லை. பொத்தேரிப் பக்கம் போய்விடலாமா?"

சென்னையில் பல வீடுகளில் இப்போது இதுதான் பேச்சு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவருக்குப் பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர். குடியிருப்பது திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன வாடகை வீடு. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மனைவியின் நகை இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கலாம்.

தரகர் ஒரு நோட்டீசு கொடுத்திருக்கிறார். "ரெயில் நிலையத்துக்குப் பத்தே நிமிடம்! கல்லூரிக்கு ஐந்தே நிமிடம்! நல்ல காற்று! நல்ல தண்ணீர்!" என்று அதில் அச்சடித்திருக்கிறது.

இந்தக் குடும்பம் பொத்தேரிக்குப் போகலாமா? போனால் சுகமா, கஷ்டமா?

பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

சென்னைக் கடற்கரையில் செங்கல்பட்டு ரெயிலில் ஏறுங்கள். தாம்பரம் வரும். அதற்குப் பிறகு பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. அடுத்த நிலையம் பொத்தேரி.

கடற்கரையில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர். பழைய கணக்கில் 25 மைல்.

ரெயில் பாதையும் ஜி.எஸ்.டி. ரோடும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. தெற்கே திருச்சி, மதுரை என்று எங்கே போவதானாலும் ஜனங்கள் இந்த ரோட்டில்தான் போகவேண்டும்.

பொத்தேரி சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது அல்ல. 2021-ம் ஆண்டில் உண்டான தாம்பரம் மாநகராட்சியிலும் சேர்ந்தது அல்ல. இது மறைமலைநகர் நகராட்சியைச் சேர்ந்தது. மாவட்டம் செங்கல்பட்டு. முன்பு காஞ்சீபுரம் மாவட்டமாக இருந்ததைப் பிரித்து, 2019-ம் ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டத்தை ஏற்படுத்தினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவில் குப்பை அள்ளவில்லை என்றால் எந்த ஆபீசுக்குப் போவது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

காற்றுக்காக வந்தார்கள்

பட்டணத்தை விட்டுத் தெற்கே போவது புதிய வழக்கம் அல்ல.

1928-ம் ஆண்டு டாக்டர் சௌரிமுத்து என்பவர் தாம்பரத்தில் காச நோயாளிகளுக்காக ஒரு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் காச நோய்க்கு இப்போது உள்ள மருந்துகள் கிடையாது. சுத்தமான காற்றும், நல்ல உணவும், ஓய்வும்தான் வைத்தியம். அந்தக் காற்று தாம்பரத்தில் இருந்தது. இன்றைக்கும் அங்கே ஒரு ரெயில் நிலையத்துக்குத் "தாம்பரம் சானடோரியம்" என்றே பெயர்.

1931-ம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரெயில் ஓட ஆரம்பித்தது. 1937-ம் ஆண்டு கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தில் இருந்து தாம்பரத்துக்குக் குடிவந்தது. 1985-ம் ஆண்டு பட்டணத்து மிருகக்காட்சிசாலையும் வண்டலூருக்கு வந்துவிட்டது.

நோயாளி வந்தார். மாணவன் வந்தான். புலியும் யானையும் வந்தன. கடைசியாகச் சம்சாரி வருகிறார்!

மாணவர் ஊர்

பொத்தேரியைப் பெரிய ஊராக்கியது எஸ்.ஆர்.எம். கல்லூரி. 1985-ம் ஆண்டு காட்டாங்கொளத்தூரில் என்ஜினீயரிங் கல்லூரியாக ஆரம்பித்து, பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே படிக்கிறவர்கள் இறங்குகிற நிலையம் பொத்தேரி.

மாலையில் நிலையத்துக்கு வெளியே நின்று பாருங்கள். தமிழ் கேட்கும். தெலுங்கு கேட்கும். இந்தி கேட்கும். ஒரு கடையில் இட்லி, அடுத்த கடையில் சப்பாத்தி, அதற்கும் அடுத்த கடையில் நூடுல்ஸ். ஜெராக்ஸ் கடைகளுக்கும் குறைவில்லை.

இது குடும்பத்துக்கு நல்லதா?

தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு நல்லது. மெஸ் வைக்கலாம். துணி தைக்கலாம். சலவைக் கடை வைக்கலாம். நம் கணக்குப்பிள்ளையின் மனைவிக்குத் தையல் தெரியும் என்று சொன்னேன். அவருக்கு இங்கே வேலைக்குப் பஞ்சம் இருக்காது.

ஆனால் வாடகைக்கு வீடு தேடுகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரே வீட்டில் நான்கு மாணவர்கள் சேர்ந்து தங்குவார்கள். வாடகையை நான்காகப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். ஒற்றைச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தால் அந்த வாடகையைக் கொடுக்க முடியுமா? வீட்டுக்காரர் யாருக்கு வீடு கொடுப்பார்? சொல்லவேண்டியதில்லை.

கல்லூரி வாசலை ஒட்டிக் குடியிருந்தால் நடு இரவு வரை மோட்டார் சைக்கிள் சத்தம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அது சரிப்படாது. பையன்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு வயது இருபது. அவ்வளவுதான்.

இன்னொன்று. கல்லூரி விடுமுறை விட்டால் கடைத்தெரு காற்றாடும். 2020-ம் ஆண்டு மார்ச்சில் கொரோனா வந்தது. கல்லூரிகளை மூடினார்கள். மாணவர்களை மட்டும் நம்பி மெஸ் வைத்தவர் யாருக்குச் சோறு போடுவார்? கடை வைக்க நினைப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

வருஷத்தில் ஒரு மாதம் ரெயிலில்!

இப்போது கணவருடைய வேலைக்கு வருவோம். அவர் தினமும் பாரிமுனைக்குப் போகவேண்டும்.

பொத்தேரியில் இருந்து கடற்கரைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். போக ஒன்றேகால், வர ஒன்றேகால். ஆக இரண்டரை மணி.

மாதத்தில் 25 நாள் வேலை. இரண்டரையை 25-ஆல் பெருக்கினால் 62½ மணி நேரம். பன்னிரண்டு மாதத்துக்கு 750 மணி நேரம். அதை நாளாக மாற்றுங்கள். 31 நாள்!

ஆம். வருஷத்தில் ஒரு முழு மாதம், இரவும் பகலுமாக, அந்த மனிதர் ரெயிலில் இருப்பார். வீட்டில் இருந்து நிலையத்துக்கு நடப்பதும், நடைமேடையில் காத்து நிற்பதும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

காத்து நிற்பதுதான் பெரிய தொல்லை. கடற்கரையில் இருந்து வரும் ரெயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகிற வண்டிகள் குறைவு. ஒரு வண்டியை விட்டால் அடுத்த வண்டிக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

கட்டணம் அதிகம் இல்லை. பத்துப் பதினைந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. இவ்வளவு தூரத்தை இவ்வளவு மலிவாக வேறு எந்த வண்டியிலும் கடக்க முடியாது. 2025-ம் ஆண்டு ஏப்ரலில் குளிர்சாதன ரெயிலும் விட்டார்கள். அதில் கட்டணம் 35 ரூபாயில் ஆரம்பித்தது. சம்சாரிக்கு அது திருநாளைக்கு மட்டும்தான் கட்டும்.

தாம்பரம் - செங்கல்பட்டு இடையே மூன்றாவது ரெயில் பாதை போட்டிருக்கிறார்கள். விமான நிலையத்தில் இருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ ரெயிலை நீட்டவும் திட்டம் போட்டிருக்கிறார்கள். நல்லது. ஆனால் திட்டத்தில் ஏறி வேலைக்குப் போக முடியாது. இன்றைக்கு ஓடுகிற வண்டியை வைத்தே கணக்குப் போடுங்கள்.

ஊருக்குப் போக வசதி

2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பஸ் நிலையத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். தெற்கே போகும் வெளியூர் பஸ்கள் கோயம்பேட்டில் இருந்து அங்கே மாறின.

வடசென்னைக்காரர்களுக்கு இது பெரிய அலைச்சல். அதுவும், பஸ் நிலையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரெயில் நிலையம்கூட இல்லை. ஆனால் பொத்தேரிக்காரருக்கு இது லாபம். திருநெல்வேலிக்குப் போக அவர் பட்டணத்தைச் சுற்றிக் கோயம்பேட்டுக்குப் போகவேண்டியது இல்லை. சில கிலோமீட்டர் தூரத்தில் பஸ் ஏறிவிடலாம்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முதல் நாள் மட்டும் ரோட்டுப் பக்கம் போகாதீர்கள். பட்டணமே ஊருக்குக் கிளம்பி வந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்கும்.

வைத்தியத்துக்குக் குறை இல்லை. காட்டாங்கொளத்தூரில் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தக் கல்லூரி 1965-ம் ஆண்டு ஏற்பட்டது.

கார் தொழிற்சாலை சொல்லும் கதை

"பாரிமுனை வேலை வேண்டாம். அங்கேயே ஒரு வேலை தேடிக்கொள்ளலாமே" என்று மனைவி சொல்லக்கூடும். நியாயமான யோசனை.

பொத்தேரிக்கு அடுத்து மறைமலைநகர். பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். பட்டணத்தின் நெரிசலைக் குறைக்க அரசாங்கமே திட்டம் போட்டு உண்டாக்கிய துணை நகரம். அங்கே தொழிற்சாலைகள் இருக்கின்றன. அதற்கும் தெற்கே பரனூரில் மகிந்திரா நகரம் இருக்கிறது. அங்கேயும் கம்பெனிகள் உண்டு.

மறைமலைநகரில் பெயர்பெற்று விளங்கியது போர்டு கார் தொழிற்சாலை. அமெரிக்கக் கம்பெனி. அங்கே வேலை கிடைத்தால் பெண் கொடுக்கப் போட்டி போடுவார்கள். அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் உண்டு.

2021-ம் ஆண்டு செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. "இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போகிறோம்" என்று கம்பெனி அறிவித்தது. 2022-ம் ஆண்டில் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளியே வந்தது. வங்கிக்கு மாதாமாதம் கட்டவேண்டிய தவணை மட்டும் நிற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2024-ம் ஆண்டில், அந்தத் தொழிற்சாலையை மறுபடியும் பயன்படுத்த விருப்பம் என்று கம்பெனி சொன்னது. இடையில் தவணை கட்டியவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. அந்தக் கம்பெனி பிறந்த இடமே இதற்குச் சாட்சி. அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு நகரம். உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊர். 1950-ம் ஆண்டில் அங்கே 18½ லட்சம் பேர் வாழ்ந்தார்கள். கார் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் போயின. வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். 2013-ம் ஆண்டில் நகரசபையே திவால் ஆயிற்று. 2020-ம் ஆண்டுக் கணக்கில் 6 லட்சத்து 39 ஆயிரம் பேர்தான் மீதி. வாங்க ஆள் இல்லாமல் வீடுகள் பாழடைந்து நின்றன.

மறைமலைநகர் டெட்ராய்ட் ஆகிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. இங்கே ஒரு தொழிற்சாலை போனால் வேறு நாலு தொழிற்சாலைகள் இருக்கின்றன. கல்லூரி இருக்கிறது, ரெயில் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு கம்பெனியின் சம்பளத்தை நம்பி இருபது வருஷக் கடனில் கையெழுத்துப் போடுவது வேறு விஷயம். அதற்கு நன்றாக யோசிக்க வேண்டும்.

பெயரிலேயே ஏரி

இனிமேல்தான் முக்கியமான விஷயம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பொத்தேரி என்று சொல்லிப் பாருங்கள். பெயரிலேயே ஏரி இருக்கிறது! ஊரிலும் ஏரி இருக்கிறது.

செங்கல்பட்டுச் சீமைக்கு "ஏரி மாவட்டம்" என்று பெயர். இங்கே காவேரி போல வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்கிற இரண்டு மூன்று மாதத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் வெள்ளாமை. ஆகவே நம் முன்னோர்கள் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள்.

ஏரிக்கு ஒரு கரை உண்டு. வயலுக்குத் தண்ணீர் விட மதகு உண்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கலங்கல் உண்டு. ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்த தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் அடுத்த ஏரி. இப்படிச் சங்கிலி போல ஏரிகள். ஆதனூர் ஏரி முதலிய இந்த வட்டாரத்து ஏரிகளில் வழிந்த தண்ணீர் சேர்ந்துதான் அடையாறு உண்டாகிறது. சைதாப்பேட்டைப் பாலத்தின் கீழே ஓடுகிறதே, அதே அடையாறு!

பிறகு என்ன ஆயிற்று? விவசாயம் கட்டுப்படியாகவில்லை. வயல்கள் மனைகள் ஆயின. கால்வாயைத் தூர்த்து ரோடு போட்டார்கள். சில இடங்களில் ஏரிக்கு உள்ளேயே வீடுகள் முளைத்தன.

வயலாக இருந்தபோது ஒரு முழம் தண்ணீர் நின்றால் நெல்லுக்கு நல்லது. வீடாக ஆன பிறகு அதே ஒரு முழம் தண்ணீர் கட்டிலுக்கு அடியில் நிற்கிறது.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரே நாளில்!

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் என்று ஊர்கள். அடையாற்றின் ஓரத்தில் உள்ளவை. அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜனங்களைப் படகில் ஏற்றி மீட்டார்கள். அந்த வீடுகளில் பல, கோடைகாலத்தில் போய்ப் பார்த்து வாங்கியவை. கோடையில் பார்த்தால் எல்லா மனையும் மேட்டு மனைதான்!

2023-ம் ஆண்டு டிசம்பர் புயல் மழையின்போது பெருங்களத்தூரை அடுத்த நெடுங்குன்றத்தில் ஒரு முதலை ரோட்டைக் கடந்து போயிற்று. அங்கே உள்ள ஏரியில் முதலைகள் உண்டு. அதன் வீடு எது, ரோடு எது என்று அதற்குக் குழப்பம் வந்திருக்கும்.

வெள்ளத்தை மட்டும் பார்த்துவிட்டு, இங்கே தண்ணீர் தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கே வருஷம் கழித்து, 2019-ம் ஆண்டுக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். புறநகரில் ஆழ்குழாய்க் கிணறு போட்டிருக்கும் வீடுகள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தன. கார்த்திகையில் வீட்டுக்குள் தண்ணீர், சித்திரையில் குடத்துக்குள் காற்று. ஏரியை மூடினால் இரண்டும் வரும்.

எப்படிப் பார்ப்பது?

மனை பார்க்க ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். தரகருடைய காரில் போகாதீர்கள். ரெயிலில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போங்கள். "பத்தே நிமிடம்" என்பது எத்தனை நிமிடம் என்று அப்போது தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்றும் தெரியும்.

பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோடு இருந்தால், சுண்ணாம்பு அடித்தாலும் சில நாளில் வெளியே தெரிந்துவிடும். டீக்கடையில் உட்கார்ந்து, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் யாரையாவது கேளுங்கள். "ஐயா, இந்த இடம் முன்னே என்னவாக இருந்தது? 2015-ல் எதுவரை தண்ணீர் வந்தது?" என்று கேளுங்கள். அவருக்கு நிலத்தை விற்கவேண்டிய அவசரம் இல்லை. உண்மையைச் சொல்லுவார்.

பிறகு காகிதங்களைப் பாருங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் இவை மட்டும் போதாது. கிராம வரைபடத்தையும் "அ" பதிவேட்டையும் பார்க்கவேண்டும். அதில் ஏரி, கால்வாய், மேய்க்கால், புறம்போக்கு என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பட்டா விவரத்தையும் "அ" பதிவேட்டையும் இப்போது அரசாங்க இணையதளத்திலேயே பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. முன்பே விற்ற மனைகளை ஒழுங்குபடுத்த 2017-ம் ஆண்டில் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. "அதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால், "வாங்கிய பிறகு வருகிறோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

யார் போகலாம்?

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் வேலை உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். பிள்ளைகள் அந்தப் பக்கக் கல்லூரியில் படித்தால் போகலாம். ஓய்வு பெற்றவர்கள் போகலாம். அவர்களுக்குப் பட்டணத்தைவிட அந்த ஊர் நல்லது என்றே சொல்லுவேன். பட்டணத்தில் ஓர் அறைக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கே பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு முற்றம் கிடைக்கும். கல்லூரி இரைச்சல் வேண்டாம் என்றால் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் உள்ளே தள்ளிப் பார்க்கலாம். ஆனால் எங்கே போனாலும் தண்ணீர் நிற்கிற இடமா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

திருவல்லிக்கேணிக் குடும்பத்துக்கு என்ன சொல்வது?

கணவர் பாரிமுனையிலேயே வேலை செய்வதானால் இப்போதைக்கு வேண்டாம். வருஷத்தில் ஒரு மாதத்தை ரெயிலுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் தகப்பனுக்கு முற்றம் எதற்கு? அந்தப் பக்கமே வேலை கிடைத்தால், முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். ஒரு மழையையும் ஒரு கோடையையும் பார்த்துவிட்டு நகையைத் தொடட்டும்.

"அதற்குள் மனையை வேறு யாராவது வாங்கிவிடுவார்களே!" என்று தரகர் அவசரப்படுத்துவார்.

வாங்கட்டும்.